விளக்கு எரிகிறது, மருந்து குறையவில்லை: ஒளிவினையூக்கிச் சோதனையில் கோளாறு தேடும் வழி

தண்ணீரில் கலந்த ஆன்டிபயாடிக்கை ஒளிவினையூக்கியால், அதாவது ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொடியால், சிதைக்கும் சோதனை, இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஏற்ற திட்டப்பணி. பார்க்க எளிது. மருந்துக் கரைசலில் பொடியைப் போட்டு, கலக்கிக்கொண்டே ஒளியைக் காட்டி, இடையிடையே மாதிரி எடுத்து அளந்தால் போதும். முடிவு வராதபோது பலரும் முதலில் கை வைப்பது பொடியில்தான். மறுபடி சுடுவார்கள், மறுபடி கழுவுவார்கள், கொஞ்சம் வெள்ளியோ இரும்போ சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரு பருவமே போய்விடும். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் விளக்கிலோ வடிகட்டியிலோ தண்ணீரிலோ அளக்கும் முறையிலோ இருக்கும். அதனால் இந்தக் குறிப்பில் வினையூக்கியைக் கடைசியில்தான் சந்தேகப்படப் போகிறோம்.

பேச்சுக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம்: 100 மில்லிலிட்டர் கரைசல், லிட்டருக்கு 10 மி.கி. மருந்து, லிட்டருக்கு அரை கிராம் பி25 டைட்டானியம் டையாக்சைடு (அனடேஸ், ரூட்டைல் என்ற இரண்டு படிக வகைகள் கலந்த, விற்பனைக்கு வரும் பொடி), 365 நானோமீட்டர் எல்இடி. இத்துடன் இன்னும் மூன்று குடுவைகள் கட்டாயம் வேண்டும். ஒன்றில் பொடி உண்டு, ஒளி இல்லை. அடுத்ததில் ஒளி உண்டு, பொடி இல்லை. மூன்றாவதில் இரண்டுமே இல்லை. கீழே சொல்லும் பாதிக் கோளாறுகளை இந்த மூன்றுமே காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு மணி நேரமாகியும் அளவு அசையவில்லை

விளக்கின் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அனடேஸ் வகை டைட்டானியம் டையாக்சைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதில் எலக்ட்ரானை எழுப்ப ஒளிக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதை அலைநீளமாக்க 1240ஐ அதனால் வகுத்தால் சுமார் 388 நானோமீட்டர் வரும். அதைவிட நீளமான அலை எவ்வளவு பளிச்சென்று அடித்தாலும் பயனில்லை. ‘யூவி’ என்று விற்கப்படும் ஊதா எல்இடி பட்டைகளில் பல 395 முதல் 405 நானோமீட்டர் வரை உள்ளவை. மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் உதிரியாக வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, 365 என்று எண்ணைச் சொல்லிக் கேட்டு, தரவுத்தாளையும் வாங்கிப் பாருங்கள்.

405இல் பி25 கொஞ்சம் வேலை செய்யும் என்பதுதான் வம்பு. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ரூட்டைல். அதன் இடைவெளி 3.0 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 413 நானோமீட்டர் வரை. வினை நடப்பதுபோலவும் இருக்கும், நடக்காததுபோலவும் இருக்கும். பழி பொடியின் மேல் விழும். கிராஃபிட்டிக் கார்பன் நைட்ரைடு பயன்படுத்துவோருக்கும் இதே கதைதான். அதன் இடைவெளி 2.7, எல்லை சுமார் 460. நீல எல்இடி 450 என்றால் விளிம்பில் தப்பிக்கும், 470 என்றால் இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம்.

அலைநீளம் சரி என்றால், விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். போரோசிலிக்கேட் கண்ணாடி 365ஐ விடும், 254ஐ விடாது. 254க்குக் குவார்ட்ஸ் வேண்டும். ஆவியாகாமல் இருக்கட்டும் என்று மேலே வைத்த பாலிகார்பனேட் மூடி 365ஐக்கூடப் பெருமளவு தடுத்துவிடும். எல்இடிக்குப் பின்னால் வெப்பம் கடத்தும் தகடு இல்லையென்றால் சூடேற ஏற வெளிச்சம் குறையும். அரை மணி நேரம் எரிந்த பிறகு யூவி மீட்டரை நீர்மட்டம் இருக்கும் இடத்திலேயே வைத்து அளந்தால் உண்மை தெரியும். மீட்டரின் உணரி 365க்கு உரியதா, 254க்கு உரியதா என்றும் பாருங்கள், மாறியிருந்தால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதையெல்லாம் செய்ய வேண்டாம்.

அப்புறம் பொடியின் அளவு. வினை மெதுவாக இருக்கிறது என்று லிட்டருக்கு 2, 3 கிராம் கொட்டினால் கரைசல் வெண்குழம்பாகிவிடும், ஒளி மேல் அடுக்கோடு நின்றுவிடும். பி25க்குப் பெரும்பாலான சிறு குடுவைகளில் அரை கிராமிலிருந்து ஒரு கிராமுக்குள் உச்சம் வரும். மருந்தும் அதிகமாக இருக்கலாம். டெட்ராசைக்ளின் 357 நானோமீட்டர் அருகே வலுவாக ஒளியை உறிஞ்சும், உங்கள் எல்இடி 365. லிட்டருக்கு 50 மி.கி. போட்டால் பொடிக்குப் போகவேண்டிய ஒளியில் பெரும்பங்கை மருந்தே வாங்கிக்கொள்ளும்.

ஆக்சிஜனை மறந்துவிடுகிறார்கள். ஒளி எழுப்பிய எலக்ட்ரானை யாராவது வாங்கிக்கொண்டால்தான் அது தான் விட்டுவந்த காலியிடமான ‘துளை’யோடு மறுபடி சேராமல் இருக்கும். வாங்குவது கரைந்த ஆக்சிஜன். 30 டிகிரித் தண்ணீரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மி.கி.தான் நிற்கும். இறுக மூடிய சின்னக் குப்பியில் அது தீர்ந்துபோகும். மூடியைத் திறந்து வேகமாகக் கலக்குங்கள் அல்லது காற்றைக் குமிழிடுங்கள். அதற்கே வேகம் கூடினால் கோளாறு அதுதான்.

இத்தனையும் சரி என்றால் பிஎச் பாருங்கள். பி25இன் மேற்பரப்பு பிஎச் 6.3 வாக்கில் மின்சுமை இல்லாமல் இருக்கும், அதற்குக் கீழே நேர், மேலே எதிர். சிப்ரோஃப்ளோக்சசின் 6.1க்குக் கீழே நேர்மின்சுமையோடும் 8.7க்கு மேலே எதிர்மின்சுமையோடும் இருக்கும். அதனால் பிஎச் 4இலும் 10இலும் மருந்தும் பொடியும் ஒன்றையொன்று தள்ளும், 6, 7 பக்கம்தான் நெருங்கும். சல்ஃபமெதாக்சசோல் 5.7க்கு மேல் எதிர்மின்சுமை பெறும். நடுநிலை நீரில் அது பி25இல் ஒட்டாததற்குக் காரணம் அதுவே.

விளக்குப் போடுமுன்பே பாதி காணோம்

ஒட்டிக்கொண்டது வேறு, சிதைந்தது வேறு. பரப்பளவு அதிகமுள்ள கூட்டுப்பொடிகளில், குறிப்பாகக் கார்பனோ களிமண்ணோ கலந்தவற்றில், இருட்டிலேயே பெரும்பங்கு ஒட்டிவிடும். அரை மணி நேரம் இருட்டில் வைப்பது வழக்கம் என்பதற்காக அதோடு நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு மாதிரிகள் ஒரே அளவு காட்டும்வரை வையுங்கள், இரண்டு மணி நேரமானாலும் சரி. வேக மாறிலியைக் கணக்கிடும்போது தொடக்க அளவாக இருட்டு முடிந்த கணத்தின் அளவை எடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் சோதனை முடிந்த பொடியை வடித்து, மெத்தனாலில் கொஞ்சம் ஆக்சாலிக் அமிலம் சேர்த்துக் கழுவி, அந்தத் திரவத்தையும் அளந்துவிடுங்கள். டெட்ராசைக்ளின் டைட்டானியத்தைக் கவ்விப் பிடிக்கும், வெறும் மெத்தனாலுக்கு முழுதாக இறங்காது. மருந்து திரும்பி வந்தால் நீங்கள் செய்திருப்பது வடிகட்டல், ஒளிவினை அல்ல.

பொடியைச் சொல்லுமுன் ஊசி வடிகட்டியையும் சோதியுங்கள். நைலான் சில ஆன்டிபயாடிக்குகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொடியே இல்லாத தெரிந்த கரைசலை வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அளந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். முதல் ஒன்றிரண்டு மில்லிலிட்டரைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுப்பது நல்லது.

பொடி போடாத குடுவையிலும் குறைகிறது

254 நானோமீட்டர் விளக்கு என்றால் ஆச்சரியமே இல்லை. பல ஆன்டிபயாடிக்குகள் அந்த ஒளியை நேரடியாக உறிஞ்சித் தாமாகவே உடையும். டெட்ராசைக்ளின் 365இலும் கொஞ்சம் உடையும். இது கோளாறல்ல, ஆனால் அந்தப் பங்கைக் கழிக்காமல் வினையூக்கியின் கணக்கில் எழுதினால் அது பொய்க்கணக்கு.

ஒளியும் இல்லாத குடுவையில் குறைந்தால்? அமாக்சிசிலின் போன்றவற்றின் பீட்டா லாக்டம் வளையம் தண்ணீரிலேயே மெல்லத் திறந்துகொள்ளும். காரத்திலும் வெப்பத்திலும் இன்னும் வேகம். போன வாரம் கலக்கிய மூலக்கரைசலை வைத்து இன்றைய சோதனையைத் தொடங்க வேண்டாம்.

குழாய்நீரில் கரைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமி ஒழிக்க எஞ்சி நிற்பது குளோரமின். ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போய்விடும் என்பது குளோரினுக்குச் சரி, இதற்குச் சரிவராது. வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் ஊற்றும் தையோசல்ஃபேட்டை நீங்களும் ஊற்றலாம், ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். மிஞ்சிய தையோசல்ஃபேட் ஒளிவினையில் பிறக்கும் ஆக்சிஜனேற்றிகளை முதலில் தின்றுவிடும், நீங்கள் மேலே முதல் அறிகுறிக்கே திரும்பிப் போவீர்கள்.

தூய நீரில் பிரமாதம், உண்மையான நீரில் படுதோல்வி

இதைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன், அறிக்கைகளில் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்கப்படுவதும் இதுதான். ஒளிவினையில் பிறந்து மருந்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் ஆள் பார்த்துப் பரிமாறாது. பந்தியில் முன்னால் உட்கார்ந்தவருக்குத்தான் இலை. அயனி நீக்கிய நீரில் மருந்து மட்டும் உட்கார்ந்திருந்தது. உண்மையான நீரில் பைகார்பனேட், குளோரைடு, இலைதழை அழுகி வந்த கரிமப்பொருள் எல்லாம் அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். அயனி நீக்கிய நீரில் பைகார்பனேட் மட்டும், அடுத்து குளோரைடு மட்டும், அடுத்து ஃபாஸ்ஃபேட், பிறகு ஹியூமிக் அமிலம். பைகார்பனேட் சேர்க்கும்போது பிஎச்சும் ஏறும், ஆகவே ஒப்பிடும் குடுவையையும் அதே பிஎச்சுக்குக் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் எது காரணம் என்று சொல்ல முடியாது. கார்பனேட் அயனி பைகார்பனேட்டைவிடச் சில பத்து மடங்கு வேகமாக ஹைட்ராக்சிலைப் பறிக்கும் என்பதால் காரத்தன்மை கூடக் கூட நிலைமை மோசமாகும். ஃபாஸ்ஃபேட் வேறு மாதிரி: அது டைட்டானியம் டையாக்சைடின் மேற்பரப்பில் போய் ஒட்டி இடத்தை அடைத்துவிடும். பிஎச் நிலைப்படுத்தப் பலர் கை போகும் முதல் பாட்டில் ஃபாஸ்ஃபேட் பஃபர்தான்! கோளாறைத் தாங்களே ஊற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினோடு இணைந்துகொள்ளும், அப்போது அதன் நிறமாலை உச்சம், அதாவது அது ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளம், நகரும். ஒரே அலைநீளத்தில் அளப்பவருக்கு அது சிதைவாகவோ பெருக்கமாகவோ தெரியும். நீர் மாறும்போதெல்லாம் அந்த நீரிலேயே அளவுக்கோட்டை (தெரிந்த செறிவுகளை அளந்து வரையும் ஒப்பீட்டுக் கோட்டை) போட்டுக்கொள்வது தொல்லைதான், ஆனால் வேறு வழியில்லை.

எந்த நீரை எடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். பாசிர் ரிஸ் பக்கத்து ஆற்றோரங்களில் கடல் ஏறும்போது எடுத்த நீரும் இறங்கும்போது எடுத்த நீரும் ஒன்றல்ல, உப்பு மாறும். மாதிரி எடுத்த நேரத்தைக் குறித்து, கடத்துதிறனை அங்கேயே அளந்துவிடுங்கள். சிலர் புதுநீரில், அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நீரில், செய்து பார்த்து, பிரமாதமாக வேலை செய்கிறது என்பார்கள். செய்யத்தான் செய்யும். நுண்வடிகட்டல், எதிர்ச்சவ்வூடு பரவல், புற ஊதா ஒளி என்று மூன்று படி தாண்டி வந்த நீரில் போட்டிக்கு ஆளே இல்லை. மருந்துகள் போய்த் தேங்கும் இடம் அந்தச் சவ்வு ஒதுக்கித் தள்ளிய அடர்நீர். உப்பும் கரிமமும் அங்கேதான் அதிகம். உங்கள் பொடி அங்கே பாதி வேகத்தில் ஓடினாலும், புதுநீரில் காட்டும் நூறு விழுக்காட்டைவிட அது எனக்குப் பெரிது. மருத்துவமனைக் கழிவுநீரும் இதே வகை.

மருந்து போய்விட்டது, கரிமம் அப்படியே இருக்கிறது

கலவையைப் பிரித்து ஒவ்வொன்றாக அளக்கும் எச்பிஎல்சி கருவியில் மருந்தின் உச்சம் மறைந்துவிட்டது, நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனை அளக்கும் டிஓசி மீட்டர் மட்டும் அசையவில்லை. கருவி கெட்டுவிடவில்லை. மூலக்கூறின் ஒரு மூலை உடைந்தாலே உச்சம் மறையும். உடைந்த துண்டுகள் கார்பன் டையாக்சைடாக மாற இன்னும் பல மணி நேரம் ஆகலாம். ஒளியை நீட்டித்து, டிஓசியைத் தனி வரைபடமாகப் போடுங்கள். லிட்டருக்கு 10 மி.கி. டெட்ராசைக்ளினில் கார்பன் 6 மி.கி.யை எட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கருவியின் தடுமாற்றமே ஒரு மில்லிகிராம் என்றால் 15 விழுக்காட்டுக்குக் கீழான மாற்றத்தைப் பேசவே முடியாது.

டிஓசி ஏறினால் பெரும்பாலும் பொடியைக் கழுவிய எத்தனால் மிச்சம். மருந்தில்லாத நீரில் பொடியை மட்டும் போட்டு ஒரு மணி நேரம் கலக்கி அளந்தால் தெரிந்துவிடும்.

சிப்ரோஃப்ளோக்சசினுக்கு ஒரு நல்ல குறுக்குச் சோதனை உண்டு. அதில் ஒரே ஒரு ஃப்ளோரின் அணு. லிட்டருக்கு 10 மி.கி. முழுதும் ஃப்ளோரினை இழந்தால் 0.57 மி.கி. ஃப்ளோரைடு வெளிவர வேண்டும். நீங்கள் எடுத்தது ஹைட்ரோகுளோரைடு உப்பு என்றால் 0.52 அளவில். அயனி மின்முனை வைத்தே பார்க்கலாம். ஆனால் இதைக் குழாய்நீரில் செய்யாதீர்கள். பல்லுக்காக இங்கே குழாய்நீரில் ஃப்ளோரைடு சேர்க்கிறார்கள், அதுவும் ஏறக்குறைய இதே அளவில். தேடும் குறியும் பின்னணியும் சமம் என்றால் எதை அளந்தோம் என்றே தெரியாது. அமில நீரிலும் ஏமாறலாம், ஃப்ளோரைடு பொடியின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

துண்டுகளுக்கு இன்னும் கிருமி கொல்லும் சக்தி இருக்கிறதா என்பது டிஓசி சொல்லாத செய்தி. தீங்கற்ற ஆய்வுக்கூட ஈ.கோலை வகை ஒன்றை அகார் தட்டில் வளர்த்து, வெவ்வேறு நேரத்து மாதிரிகளை வட்டத்தாளில் நனைத்து வையுங்கள். சுற்றிலும் தெளிந்த வளையம் சுருங்கிக்கொண்டே வந்து மறைந்தால் சரி. இதைச் செய்ய உங்கள் கூடத்துக்கு நுண்ணுயிர் வேலைக்கான அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தே நிமிடத்தில் 99 விழுக்காடு

இதையும் கோளாறாகவே எண்ணுங்கள். முழு நிறமாலையையும் எடுத்துப் பாருங்கள். உச்சம் தாழ்ந்ததா, நகர்ந்ததா? பிஎச் மாறினாலே டெட்ராசைக்ளினின் உச்சம் இடம் மாறும். எச்பிஎல்சியில் அதே மாதிரியைப் போட்டு ஒப்பிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடோ பெர்சல்ஃபேட்டோ சேர்த்திருந்தால், பொடியில்லாமல் அவை மட்டும் என்ன செய்கின்றன என்று காட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்கிறது என்று மெத்திலீன் நீலத்தை வைத்து மட்டும் நிரூபிக்கவே வேண்டாம். சாயமே ஒளியை வாங்கி எலக்ட்ரானைப் பொடிக்குள் தள்ளிவிடும், பொடி சும்மா இருந்தாலும் சாயம் வெளுக்கும். நிறமில்லாத சல்ஃபமெதாக்சசோலை வைத்துக் காட்டினால் நம்பலாம்.

இதற்கு நேர்மாறானது, உண்மையில் சிதைந்தும் அளவு குறையாததுபோல் தெரிவது. வடிகட்டியைத் தாண்டி வந்த நுண்துகள் ஒளியைச் சிதறடிக்கிறது என்று பொருள். 700 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் சுழியத்தில் இல்லையென்றால் துகள் இருக்கிறது. மையவிலக்கியில் சுழற்றிவிட்டு மறுபடி வடிகட்டுங்கள்.

பென்சோகுவினோனைச் சேர்த்து, ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும்போது பிறக்கும் சூப்பராக்சைடைத் தடுக்கும் சோதனையிலும் இந்தக் குழப்பம் வரும். பென்சோகுவினோனே புற ஊதாவில் பலமாக உறிஞ்சும். அங்கே எச்பிஎல்சி இல்லாமல் பேசாதீர்கள்.

நேற்று ஒரு வேகம், இன்று ஒரு வேகம்

செனான் விளக்கின் சூட்டைத் தணிக்கக் குழாய்நீரைச் சுற்றவிட்டால் 25 டிகிரி கிடைக்கும் என்று குளிர்நாட்டுச் செய்முறைகள் நினைக்கின்றன. இங்கே குழாய்நீரே 28, 30 டிகிரியில் வருகிறது. குளிர்விப்பான் வேண்டும். அதையும் 15 டிகிரிக்கு வைத்தால் குளிர்சாதனம் இல்லாத அறையில் குவார்ட்ஸ் சுவரின் வெளியே வேர்த்து நீர் படியும், ஒளி சிதறும். 25இலேயே வையுங்கள். மாலையில் குளிர்சாதனத்தை நிறுத்திவிடும் கட்டடமா என்றும் கேளுங்கள், ராத்திரி ஓடிய சோதனை தனியாக நிற்பதற்கு அது போதும்.

டெட்ராசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறந்தால் நம் காற்றின் ஈரம் உள்ளே இறங்கும், எடை தவறும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறவுங்கள்.

மொட்டை மாடியில் வெயிலில் செய்பவர்களுக்கு: சிங்கப்பூரின் கடிகாரம் 120 டிகிரித் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, ஊர் இருப்பதோ ஏறக்குறைய 104இல். சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். 12 மணியை நடுவில் வைத்துத் திட்டமிட்டால் இருபக்கமும் சமமாக இருக்காது. அதோடு பிற்பகல் இடிமேகம் வந்தால் ஒளி சட்டென்று விழும். நிமிடக் கணக்கில் வேகம் சொல்லாமல், சேர்ந்த புற ஊதா ஆற்றலின் கணக்கில் சொல்லுங்கள்.

மூன்றாம் சுற்றில் சரிகிறது

முதலில் பொடியை எடை போடுங்கள். ஒவ்வொரு முறை 3 மில்லிலிட்டர் எடுக்கும்போதும் பொடியும் கூடவே போகிறது. பத்து மாதிரி எடுத்தால் 100இல் 30 போயிற்று. எடை சரியாக இருந்து வேகம் குறைந்தால் மேற்பரப்பில் துண்டுகள் படிந்திருக்கும். மருந்தில்லாத நீரில் சில மணி நேரம் ஒளி காட்டினாலோ, டைட்டானியம் டையாக்சைடை 400 டிகிரி வாக்கில் சுட்டாலோ மீளும்.

மீளவில்லையென்றால், இப்போது பொடியைச் சந்தேகப்படலாம். துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரையும், ஒளியிலும் அரிக்கும். காட்மியம் சல்ஃபைடு ஒளியிலேயே அரித்துக் காட்மியத்தைத் தண்ணீரில் விடும். மருந்தை அகற்றப் போய் அதைவிட மோசமானதைக் கலப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளி ஃபாஸ்ஃபேட் கறுத்தால் வெள்ளியாகப் பிரிகிறது. வடித்த நீரில் உலோகத்தை ஐசிபியில் (உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் கருவி) அளந்து, எண்ணை அறிக்கையில் போடுங்கள்.

அளந்து முடித்த நீரையும் மூலக்கரைசலையும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். இங்கே கழிவுக் குழாய் போய்ச் சேருவது நீர் மீட்பு ஆலைக்கு, அங்கே வேலை செய்பவை பாக்டீரியாக்கள். பெயர், அளவு, தேதி எழுதிய புட்டியில் சேர்த்து, உரிமம் பெற்ற நச்சுக்கழிவுச் சேகரிப்பாளரிடம் போகும்படி ஆய்வுக்கூட அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். பொடி உள்ள புட்டியையும் இல்லாததையும் தனித்தனியே வைத்தால் அவருக்கு வேலை மிச்சம்.